மருந்து டேங்கி சுமப்பவரும் தேனீயும் ஒரே பக்கம்

தேனீயைப் பாதுகாக்க வேண்டும் என்று தோட்டத்துக் கூட்டத்தில் பேச்செடுத்தால் முதல் கேள்வி பெண்கள் பக்கத்திலிருந்துதான் வரும். "குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போறது நாங்க. நீங்க குளவியைக் காப்பாத்தச் சொல்றீங்களா டீச்சர்?" நியாயமான கேள்வி. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பத்துப் பேர், பதினைந்து பேர் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதி என்ற செய்தி மலையகத்திலிருந்து ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. சில வேளைகளில் அது மரணச் செய்தியாகவும் வருகிறது. ஆகவே அந்தக் கேள்விக்குப் பதிலாகவே இதை எழுதுகிறோம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம்மைக் குளவியிடமிருந்து காப்பாற்றாத நிர்வாகம்தான் நம்மை மருந்திலிருந்தும் காப்பாற்றாமல் இருக்கிறது. மலையில் கூடு இருக்கிறதா என்று பார்த்துவர ஆள் போடாமல் மிச்சப்படுத்தும் காசும், டேங்கி சுமப்பவருக்குக் கையுறை வாங்காமல் மிச்சப்படுத்தும் காசும் ஒரே செலவுப் புத்தகத்தில்தான் ஏறுகின்றன. தொழிலாளியின் பாதுகாப்பும் தேனீயின் பாதுகாப்பும் ஒரே கோரிக்கையாக நமது சங்கங்களின் பட்டியலில் ஏற வேண்டும் என்பதே நமது கருத்து.

குளவி என்று எதைச் சொல்கிறோம்?

தோட்டத்தில் கூட்டமாக வந்து கொட்டுகிற எதையும் குளவி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அவை இரண்டு வேறு இனங்கள். ஒன்று, உயர்ந்த டர்பன்டைன் மரக் கிளையிலும் பாறைச் சரிவிலும் ஒரே பெரிய அடையாகத் தொங்கும் மலைத்தேனீ. சிங்களத்தில் பம்பரா என்பார்கள். மற்றது, காகிதம் போன்ற கூட்டை மரத்திலும் பொந்திலும் தேயிலைச் செடிகளுக்கிடையிலும் கட்டும் உண்மையான குளவி. சிங்களத்தில் தெபரா. மலைத்தேனீ தேனும் மகரந்தமும் தின்று வாழ்வது. குளவி புழுக்களையும் பூச்சிகளையும் பிடித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டுவது. பத்திரிகையில் குளவி என்று வரும் செய்திகளில் பல மலைத்தேனீயைப் பற்றியவை.

இந்த வேறுபாடு உயிர் காக்கும் விடயத்திலும் உதவும். தேனீ கொட்டினால் கொடுக்கு நமது தோலில் தங்கிவிடும். அதிலிருந்து பழுத்த வாழைப்பழம் போன்ற வாசனை கிளம்பும். மற்றத் தேனீக்களுக்கு அது அபாய அறிவிப்பு. ஆகையால் கையால் அடித்து நசுக்கினால் இன்னும் பல வரும். தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு, கூடு இருக்கும் பக்கத்தை விட்டு நிற்காமல் ஓட வேண்டும். தப்பியவுடன் கொடுக்குகளைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். மூச்சுத் திணறினாலோ, முகமும் நாக்கும் வீங்கினாலோ, மயக்கம் வந்தாலோ சூப்பவைசரின் அனுமதிக்குக் காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும்.

பல தாக்குதல்கள் யாரும் கல்லெறியாமலே நடக்கின்றன. தேன்பருந்து அடையைக் கிழிக்க வரும். பலத்த காற்றில் கிளை முறியும். கலைந்த கூட்டத்தின் கோபம் கீழே நிற்கும் பெண்கள் மேல் திரும்பும். அப்படியானால் கூட்டை எரித்துவிடலாமே, மருந்தடித்து அழித்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். மலைத்தேனீ இடம் மாறி வாழும் இனம். பருவத்துக்குப் பருவம் அது பழைய மரத்தையே தேடி வரும். இந்தக் கூட்டை எரித்தால் வரும் பருவத்தில் அதே கிளையில் இன்னொரு கூட்டம் வந்து உட்காரும். அரைகுறையாக மருந்துபட்ட கூட்டமோ, அடுத்த நாள் காலையில் மலைக்குப் போகிறவர்களைத்தான் துரத்தும்.

கூடு எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதும், அந்த மரத்தின் கீழ் உள்ள நிரைகளைக் கூடு இருக்கும் காலத்தில் ஒதுக்கி வைப்பதும், அபாயமான இடத்தில் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு இரவில் கூட்டை இடம் மாற்றுவதும்தான் நிலையான வழி. இதற்கு வேண்டியது ஆளும் சம்பளமும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் பேச வேண்டும். புல் வெட்டாமல் விட்டுக் காடாகிப்போன மலைகளில்தான் குளவிக் கூடும், பாம்பும், அட்டையும் அதிகம். களைநாசினி இல்லையென்றால் மலை காடாகிவிடும் என்று நிர்வாகம் சொல்கிறது. மலை காடாவது ஆள் போடாததால். முன்பு புல்லுவெட்டுக்கு ஆள் போட்டார்கள். அது பேர் போடும் வேலையாக, சம்பளமாக வீட்டுக்கு வந்தது. அந்த வேலைநாட்களில் பலவற்றைக் களைநாசினிப் போத்தல் எடுத்துக்கொண்டது. நஞ்சா, காடா என்று இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்வதை நாம் ஏற்க வேண்டியதில்லை. கூலி கொடுத்துச் செய்யும் களையெடுப்பு என்ற மூன்றாவது வழி இருக்கிறது.

டேங்கிக்குள் இருப்பது என்ன?

நமது பேச்சில் அதன் பெயர் மருந்து. மருந்தடிக்கப் போனார், மருந்து கலக்கினார் என்கிறோம். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தில் அதன் பெயர் பீடைகொல்லி. பீடையைக் கொல்வதற்கென்று செய்த பொருளுக்குத் தேனீ எது, மனிதர் எவர் என்று தெரியாது. பூச்சிநாசினிகளில் ஒகனோபொஸ்பேற் என்ற வகை நரம்பின் ஒரு குறிப்பிட்ட நொதியத்தை முடக்கிக் கொல்கிறது. அந்த நொதியம் புழுவுக்கும் உண்டு, தேனீக்கும் உண்டு, 16 லீற்றர் டேங்கியை முதுகில் சுமந்து மலை ஏறுபவருக்கும் உண்டு. மருந்தடித்த மாலையில் தலையிடி, வாந்தி, கண் மங்கல், கைநடுக்கம் என்று அவர் சொல்வது சோம்பலால் அல்ல. தேனீயைக் கொன்ற அதே வேலையை அந்த நஞ்சு அவரது உடலிலும் சிறிய அளவில் செய்துகொண்டிருக்கிறது.

இன்னொரு வகை நியோனிக்கொட்டினொயிட். இமிடாகுளோபிரிட், தயமெதொக்சாம் என்ற பெயர்களை வயலிலும் மரக்கறித் தோட்டத்திலும் கூலிக்குப் போகிறவர்கள் லேபல்களில் பார்த்திருப்பார்கள். இவை செடியின் மேல் தங்காமல் உள்ளே ஊடுருவும். வேரில் போட்டாலும் இலைக்கும் பூவுக்கும் போய்ச் சேரும். பூவிலுள்ள தேனிலும் மகரந்தத்திலும் அது கலந்திருக்கும். அதைக் குடித்த தேனீ உடனே விழுந்து சாகாமல் இருக்கலாம். ஆனால் பிரான்சில் 2012இல் தேனீக்களின் முதுகில் மிகச் சிறிய அடையாளச் சில்லுகளை ஒட்டிச் செய்த ஆய்வில், தயமெதொக்சாம் சிறிதளவு உண்டவற்றில் கணிசமானவை கூட்டுக்குத் திரும்பவில்லை. அவை வழி தவறிப் போயின. வெளியே போன தொழிலாளர் தேனீக்கள் வீடு திரும்பாத கூடு மெல்ல மெல்ல அழியும். ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகையில் மூன்றை, இமிடாகுளோபிரிட், குளோதியானிடின், தயமெதொக்சாம் ஆகியவற்றை, 2018இல் திறந்த வயல்களில் பயன்படுத்தத் தடை செய்தது.

தேயிலை மலையில் நாம் அதிகம் காண்பது களைநாசினி. அது பூச்சிக்கு ஆபத்தில்லை என்று சொல்லித்தான் விற்கிறார்கள். கிளைபொசேற் தேனீயின் குடலில் உள்ள நல்ல பக்றீரியாக்களைக் குறைத்து, நோய்க்கு எளிதில் இரையாக்குகிறது என்று அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் காட்டினார்கள். ஆய்வை விடுவோம், கண்ணால் தெரிவதைப் பார்ப்போம். தேயிலையை நாம் பூக்க விடுவதில்லை. கொழுந்தாகவே கிள்ளிவிடுகிறோம். ஆகவே ஆயிரக்கணக்கான ஏக்கர் தேயிலையில் தேனீக்கு உணவு என்பது வரம்போரத்துப் பூக்களும் வடிகாலோரத்துக் களைகளும்தான். தொட்டாச்சிணுங்கியும் மூக்குத்திப்பூவும் காட்டுச் சூரியகாந்தியும் ஒரே நாளில் மஞ்சளாகிக் கருகினால், அன்றே தேனீக்குப் பஞ்சம் தொடங்கிவிடுகிறது.

ஏற்றுமதித் தேயிலையில் நஞ்சின் எச்சம் எவ்வளவு என்று யப்பான் அளக்கிறது, ஐரோப்பா அளக்கிறது. களைநாசினி எச்சம் கூடுதலாக இருந்ததாக 2018இல் யப்பான் முறைப்பாடு செய்தபோது கம்பனிகளும் அமைச்சும் பதறின. அது சரிதான். குடிக்கிறவரின் கோப்பை சுத்தமாக இருக்க வேண்டும். ஆனால் அந்தத் தேயிலைக்கு மருந்தடித்தவரின் இரத்தத்தை அளந்து பார்க்க எந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஏற்பாடு இருக்கிறது?

தேயிலைக்குப் பூச்சி தேவையில்லையா?

தேயிலை இலைப்பயிர், அதற்குத் தேனீயால் என்ன லாபம் என்று கேட்பவர்கள் நமது தேயிலையின் வரலாற்றையே மறந்தவர்கள். இலைச்சுருட்டிப் புழு என்று ஒன்று உண்டு. இளங்கொழுந்தை நூலால் ஒட்டிச் சுருட்டி உள்ளிருந்து தின்னும். ஒரு காலத்தில் இலங்கைத் தேயிலையைப் பெரிதும் வாட்டியது. 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து ஒரு மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். மனிதரைக் கொட்டாத குளவி அது. புழுவின் உடலில் முட்டையிட்டு அதைத் தன் குஞ்சுக்கு உணவாக்கும். சில ஆண்டுகளில் இலைச்சுருட்டி அடங்கியது.

பிறகு 1950களில் தண்டு துளைப்பான் வண்டைக் கொல்ல டீல்ட்ரின் என்ற நஞ்சு வந்தது. வண்டுக்கு அடித்த மருந்தில் இந்தச் சின்னக் குளவியும் செத்தது. காவல்காரன் போனதும் இலைச்சுருட்டி மறுபடி பெருகியது. ஒரு பீடைக்கு அடித்த மருந்து இன்னொரு பீடையை அழைத்து வந்தது. உலகெங்கும் பீடை முகாமைத்துவம் படிப்பவர்களுக்குப் பாடமாகச் சொல்லும் கதை இது. நடந்தது நமது மலைகளில். காசு வாங்காமல் கம்பனிக்கு வேலை செய்த ஒரு பூச்சியை, காசு கொடுத்து வாங்கிய நஞ்சால் கொன்றார்கள்.

நமது வீட்டுச் சோற்றுக்கோ தேனீ இன்னும் நேரடியாகத் தேவை. லயத்துக்குப் பின்னால் நாம் போடும் பூசணி, பாகல், புடோல், வெள்ளரி எல்லாவற்றிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒன்றிலிருந்து மற்றதற்கு மகரந்தம் சுமந்து போக ஆள் வேண்டும். பாடசாலைத் தோட்டத்தில் நாம் பிள்ளைகளுக்குச் செய்து காட்டும் பாடம் ஒன்று உண்டு. மறுநாள் விரியப்போகும் பூசணிப் பெண் பூ ஒன்றை மாலையிலேயே மெல்லிய துணியால் கட்டிவிடுவோம். பக்கத்துப் பூவைத் திறந்தே விடுவோம். கட்டிய பூவின் பிஞ்சு சில நாட்களில் மஞ்சளாகி விழும். திறந்த பூவின் பிஞ்சு காயாகும். தேனீயின் வேலை என்ன என்று பிறகு விளக்க வேண்டியதில்லை. தக்காளி, கத்தரி, மிளகாய்ப் பூக்களைக் கருவண்டு போன்ற காட்டுத் தேனீக்கள் பிடித்து அதிர வைத்து மகரந்தத்தை உதிர்க்கும். கொடித்தோடைக்கும் கருவண்டுதான் தாலி கட்டி வைக்கும் ஐயர். ஏலத்துக்கும் தேனீ வேண்டும். உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் நான்கில் மூன்று ஓரளவாவது இப்படிப்பட்ட உயிர்களை நம்பியிருப்பதாக 2016இல் வெளியான ஐக்கிய நாடுகள் ஆதரவு பெற்ற ஆய்வறிக்கை கூறியது. நாட்சம்பளத்தில் மரக்கறி வாங்க முடியாத குடும்பத்துக்கு லயத்துப் பூசணிதான் கறி. அந்தக் கறியின் முதல் உழைப்பாளி தேனீ.

பாலையூற்றிலிருந்து பார்க்கும்போது

பாடசாலை விடுமுறையில் திருகோணமலை பாலையூற்றில் உறவுகளோடு தங்கியிருந்து இதை எழுதுகிறோம். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வந்த நமது மக்கள் வவுனியா, கிளிநொச்சி, திருகோணமலை மாவட்டங்களில் வேரூன்றியிருக்கிறார்கள். அவர்களில் பலர் இன்றும் நாட்கூலிகள். கந்தளாய்ப் பக்கத்து வயலிலும், நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து வெங்காயத் தோட்டத்திலும் மருந்தடிக்கக் கூலிக்குப் போகிறவர்களுக்குப் பேர் போடும் செக்ரோல் இல்லை, டிஸ்பென்சரி இல்லை, சங்கமும் இல்லை. இன்று ஒரு முதலாளியின் வயல், நாளை இன்னொருவரின் தோட்டம். டேங்கி மட்டும் அதே டேங்கி.

பாலையூற்று என்ற பெயரிலேயே ஒரு மரமும் ஒரு நீரும் இருக்கின்றன. இந்த உலர்வலயக் காடுகளில் பாலையும் வீரையும் பூக்கும் காலத்தில் மலைத்தேனீ இங்கே வரும். பூ முடிந்ததும் மலைநாட்டுக்குப் போகும். அங்கே யூக்கலிப்டஸ் பூக்கும். இலங்கையில் மலைத்தேனீக் கூட்டங்கள் தாழ்நிலத்துக்கும் மலைநாட்டுக்கும் இடையே பருவந்தோறும் இடம்பெயர்வதைக் கோனிகர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் தம்பதியினர் 1980இல் எழுதி வைத்திருக்கிறார்கள். நமது உறவுகள் பஸ் ஏறி மலைக்கும் கீழுக்கும் போய்வருவது போலத்தான் அதுவும். பண்டாரவளைப் பக்கம் எரித்த கூடு பாலைப் பூவுக்கு வந்திருக்க வேண்டிய கூடு. இங்கே வயலில் செத்த கூட்டம் அங்கே போக வேண்டிய கூட்டம். ஆகவே தேயிலைக்கு ஒரு சட்டம், வயலுக்கு ஒரு சட்டம் என்று வைத்தால் தேனீ பிழைக்காது. தோட்டத் தொழிலாளியைப் பாதுகாத்து வயல் கூலியைக் கைவிட்டால் நாமும் பிழைக்க மாட்டோம். ஒரே குடும்பத்தில் அண்ணன் தேயிலையிலும் தம்பி வெங்காயத்திலும் டேங்கி சுமக்கிறார்கள்.

தடை மட்டும் போதுமா?

போதாது. அதை நாம் பட்டறிந்தோம். கிளைபொசேற்றை 2015இல் தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திறந்துவிட்டார்கள். 2021இல் இரசாயன உரம், பீடைகொல்லி எல்லாவற்றின் இறக்குமதியையும் ஒரே அடியாக நிறுத்தி, அந்த ஆண்டு முடியுமுன்னரே திரும்பப் பெற்றார்கள். 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாகச் சரிந்தது. கொழுந்து குறைந்தபோது கிலோக் கணக்கில் அடிபட்டது யார்? நாம்தான். முன்னேற்பாடு இல்லாமல், தொழிலாளியைக் கேட்காமல் போடும் தடை, தொழிலாளியின் முதுகிலேயே விழும்.

அதே நாட்டில் நன்றாகச் செய்த காரியமும் உண்டு. மிகக் கொடிய நஞ்சுகளான மொனோகுறோட்டோபொஸ், மெதமிடோபொஸ் ஆகியவை 1995இல் தடை செய்யப்பட்டன. எண்டோசல்பான் 1998இல் போனது. பரகுவாட், டைமெதொயேற், பென்தியோன் ஆகியவை 2008 முதல் 2011 வரை படிப்படியாக நிறுத்தப்பட்டன. வீட்டுக்குள் இருந்த போத்தலால் ஒரு கோபத்தில், ஒரு துயரத்தில் போன உயிர்கள் எத்தனை என்று தோட்டத்து மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்தத் தடைகளுக்குப் பின் நாட்டில் தற்கொலை வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. 1995, 1998 தடைகளால் விளைச்சல் குறைந்ததா என்று ஆராய்ந்தவர்கள், குறையவில்லை என்றே கண்டார்கள். எதை, எப்போது, எதை மாற்றாகக் கொடுத்து நிறுத்துவது என்று திட்டமிட்டால் பயிரும் பிழைக்கும், உயிரும் பிழைக்கும்.

திட்டமிடாமல் தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்தின் காசர்கோடு சாட்சி. அரசுக்குச் சொந்தமான முந்திரித் தோட்டங்களில் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகொப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். கீழே வாழ்ந்த ஊர்களில் பிள்ளைகள் ஊனத்தோடும் தீராத நோய்களோடும் பிறந்ததாக மக்கள் போராடினார்கள். இந்திய உச்சநீதிமன்றம் 2011இல்தான் அந்த நஞ்சைத் தடுத்தது. 2017இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு தலா 5 இலட்சம் ரூபா கொடுக்கக் கேரள அரசுக்கு உத்தரவிட்டது. அந்த 2017இலேயே மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த கூலிகளும் விவசாயிகளுமாக இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

சங்கம் செய்ய முடியுமா?

முடியும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டெலானோ என்ற ஊரின் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் 1965இல் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். முதலில் வேலையை நிறுத்தியவர்கள் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்கள். சீசர் சாவேஸின் தலைமையில் மெக்சிக்க வம்சாவளித் தொழிலாளர்கள் அவர்களோடு சேர்ந்தார்கள். ஐந்து ஆண்டுகள் போராடி 1970இல் அவர்கள் பெற்ற ஒப்பந்தங்களில் சம்பளத்தோடு சேர்த்து, டீ.டீ.ரீ. முதலான நஞ்சுகளைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியும் எழுதப்பட்டது. அமெரிக்க அரசு டீ.டீ.ரீ.யைத் தடை செய்தது 1972இல். அரசுக்கு முன்னால் சங்கம் தடுத்தது. பிழைப்புத் தேடி நாடு விட்டு வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் அவர்கள். நாமும் அப்படித்தான்.

நமது நாட்டில் 2021இல் சம்பளச் சபை மூலம் ஆயிரம் ரூபா வந்தபோது கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. சம்பளத்தைப் பற்றி அடிக்கடி பேசுகிறோம், பேச வேண்டும். ஆனால் ஒப்பந்தத்தோடு சேர்ந்து பாதுகாப்பைப் பற்றிப் பேசும் மேசையும் காணாமல் போனது. அடுத்த பேச்சுவார்த்தை எந்த வடிவில் வந்தாலும் பின்வருவன அதில் இருக்க வேண்டும் என்று நாம் முன்வைக்கிறோம்.

1. தோட்டத்தில் வாங்கும் ஒவ்வொரு பீடைகொல்லியின் பெயரும், எந்த மலையில் எந்த நாளில் அடிக்கப்படுகிறது என்பதும், எத்தனை நாளுக்கு அங்கே கொழுந்து எடுக்கக் கூடாது என்பதும் பெரட்டுக்களத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டப்பட வேண்டும்.

2. டேங்கி சுமப்பவருக்குக் கையுறை, முகமூடி, சப்பாத்து, மாற்றுடை, வேலைத்தளத்திலேயே குளிக்க நீரும் சவர்க்காரமும் நிர்வாகத்தின் செலவில் வேண்டும். கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் மருந்தடித்த மலைக்கு அனுப்பக் கூடாது.

3. மருந்தடிப்பவர்களுக்கு ஆண்டுக்கு இரு முறையாவது இரத்தப் பரிசோதனை வேண்டும். முடிவு அவர் கையில் கொடுக்கப்பட வேண்டும்.

4. பூ இருக்கும் இடத்தில், தேனீ பறக்கும் காலை நேரத்தில் பூச்சிநாசினி அடிப்பது நிறுத்தப்பட வேண்டும். தேனீயைக் கூடுதலாகக் கொல்லும் வகைகளை எந்த ஆண்டுக்குள் எதைக் கொண்டு மாற்றுவது என்ற திட்டத்தைப் பீடைகொல்லிப் பதிவாளரும் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகமும் சங்கங்களோடு பேசி வகுக்க வேண்டும்.

5. வரம்பு, வடிகால், ஆற்றோரம் ஆகிய இடங்களில் களைநாசினி கூடாது. அங்கே களையெடுப்பு கைவேலையாக, முழுப்பேரோடு கொடுக்கப்பட வேண்டும்.

6. ஒவ்வொரு பருவத்திலும் கூடு உள்ள மரங்கள், பாறைகள், செடிகள் எவை என்று பார்த்துச் சிவப்புக் கொடி கட்டுவதற்குச் சம்பளம் பெறும் ஆட்கள் வேண்டும். கொடி கட்டிய இடத்தில் கொழுந்தெடுக்க மறுப்பவரின் பேரை வெட்டக் கூடாது.

7. குளவிக் கொட்டு வேலைத்தள விபத்து. அதற்கு 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தின்படி நட்டஈடு கோருவதற்குத் தோட்டமே ஆவணம் தர வேண்டும். டிஸ்பென்சரியில் அவசர ஊசியும், எப்போதும் ஓடும் நிலையில் ஒரு வாகனமும் வேண்டும்.

8. வயலிலும் மரக்கறித் தோட்டத்திலும் நாட்கூலிக்கு மருந்தடிப்பவர்களும் இந்தப் பாதுகாப்புக்குள் வர வேண்டும். திருகோணமலை போன்ற மாவட்டங்களில் அவர்களைச் சங்கத்தில் சேர்ப்பது நமது வேலை.

நமது கையிலேயே இருப்பவையும் சில உண்டு. லயத்துத் தோட்டத்தில் பூசணி, பாகல் பூத்திருக்கும்போது மருந்தடிக்க வேண்டாம். அடித்தே தீர வேண்டுமென்றால் தேனீ கூடு திரும்பிய பின் மாலையில் அடியுங்கள். இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து அடிப்பதை விடுங்கள். டேங்கியை ஓடையில் கழுவாதீர்கள். போத்தலை வெட்டித் தண்ணீர்க் குவளையாக்காதீர்கள். பிள்ளைகள் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். வேலியோரத்தில் காட்டுச் சூரியகாந்தி ஒரு வரிசை நிற்கட்டும். கொட்டாத கொசுத்தேனீ சுவர்ப் பொந்தில் இருந்தால் சுண்ணாம்பு பூசி அடைக்காதீர்கள். தேன் வளர்க்க விரும்பும் இளைஞர்களுக்குப் பண்டாரவளையில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு இருக்கிறது. நமது தோட்டங்களிலிருந்து அது வெகு தூரமில்லை.

இது பெரிய பட்டியல், எங்கே தொடங்குவது என்று தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் கேட்கலாம். முதலாம் இலக்கத்தில் தொடங்குவோம். இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு கடிதம் எழுதி, தோட்டத்து ஸ்டோரில் இன்று என்னென்ன மருந்து, எத்தனை லீற்றர் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வந்தால் அதன் பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் வரவில்லை என்று எழுதி அனுப்புங்கள். நமது முதுகில் ஏறும் பொருளின் பெயரைத் தெரிந்துகொள்ள நமக்கு யாருடைய தயவும் தேவையில்லை.